மெல்லுடல் வேந்தர் மெய்க்கீர்த்தி

மகாராஜராஜஸ்ரீ, மங்காத பிரகாசமும் மடிப்பறியாத வயிறும் ஒருங்கே வாய்த்த மெல்லுடல் வேந்தர் திருச்சமூகத்துக்கு, ஒரு சுற்றுப் பெருத்த அடியேன் மூச்சை உள்ளிழுத்து, தொப்பையை ஒடுக்கி, கைகட்டி நின்று எழுதிக்கொண்ட புகழ்மாலை.

முற்காலத்து அரசர்களின் வெற்றியைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். இன்னின்ன நாடு கொண்டார், இத்தனை யானை பிடித்தார், இன்னாரைப் புறங்கண்டார் என்று நீளும் அந்த வரிகளைப் படிக்கும்போது அடியேனுக்குப் பரிதாபமே மிஞ்சுகிறது. ஓர் ஊரைப் பிடிக்க அவர்களுக்குக் குதிரை வேண்டியிருந்தது, கப்பல் வேண்டியிருந்தது, ஒரு சண்டைக் காரணமாவது வேண்டியிருந்தது. தாங்களோ கண்ணில் படுகிறீர்கள், அவ்வளவுதான். ஊர் விழுந்துவிடுகிறது. பத்திரிகை அட்டையில் ஒரு நாள், துணிக்கடைக் கண்ணாடிக்குள் ஒரு நாள், தொலைக்காட்சியில் ஒரு காலம், இப்போது உள்ளங்கையில் அனுதினமும் என்று தாங்கள் எழுந்தருளாத இடமில்லை. தங்களை நேரில் தரிசித்தவர் எவரும் இல்லை என்பது தங்கள் தெய்வாம்சத்துக்கு மேலும் ஒரு சான்று.

தங்கள் நேர்மையைத்தான் முதலில் பாட வேண்டும். ‘நீ பருமன்’ என்று தாங்கள் யாரைப் பார்த்தும் திருவாய் மலர்ந்ததில்லை. வைததில்லை, வற்புறுத்தியதில்லை. சும்மா நிற்கிறீர்கள், எங்களைப் பார்க்க வைக்கிறீர்கள். மிச்சத்தை எங்கள் கண்ணே செய்து முடித்துவிடுகிறது.

இந்த வித்தையின் மூலத்தைத் தேடினால் ஓர் அருவிக்கரை வருகிறது. 1834-ல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பாறைக்குக் கண்ணைத் திருப்பினார். அசையாத பாறை மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. கீழ்நோக்கிய அசைவையே பார்த்துச் சலித்த நரம்புகள் ஓய்ந்துபோக, எதிர்த்திசைக்கு உரியவற்றின் குரல் ஓங்கிவிடுகிறது என்பது பிற்காலத்தார் சொன்ன விளக்கம். ஆனால் அருவி பாவம், அப்பாவி. எத்தனையோ பேர் கண்ணை மயக்கியும் காலணா சம்பாதிக்கத் தெரியவில்லை. அதே பலவீனத்தை எங்கள் கண்ணில் கண்டு, அதன்மேல் ஒரு சாம்ராஜ்யத்தையே எழுப்பலாம் என்று உணர்ந்த மதியூகம் தங்களுடையது.

மெலிந்த உடம்புகளைச் சில நிமிடம் பார்த்த கண்ணுக்கு, அடுத்து வரும் நடுத்தர உடம்பு பருத்துத் தெரியும். 2005-ல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விங்க்லரும் ரோட்ஸும் பெண்களின் படங்களைக் குறுக்கியும் அகட்டியும் காட்டி இதைச் சோதித்தார்கள். குறுக்கிய படங்களைப் பார்த்து எழுந்தவர்களுக்கு, எது இயல்பான உடம்பு என்ற தீர்ப்பே ஒல்லிப் பக்கம் நகர்ந்திருந்தது. எது அழகு என்ற தீர்ப்பும் கூடவே போய்விட்டது. தராசைத் தொடாமல் எடைக்கல்லை மட்டும் மாற்றி வைக்கும் இந்தக் கைத்திறத்துக்கு எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரர்கள் தலைகுனிந்து வணங்க வேண்டும். அவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். தங்கள் கடையில் ஏமாந்தவர், குறை தன் உடம்பில் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார்.

தங்கள் வரிவசூல் முறையோ அர்த்தசாஸ்திரம் அறியாதது. உலகத்து அரசுகள் எல்லாம் இருப்பவரிடம் கூட, இல்லாதவரிடம் குறைய என்று ஏதோ ஒரு பழைய நீதியைக் கட்டிக்கொண்டு அழுகின்றன. தாங்கள் நொந்தவரிடம் கூடுதலாக வாங்குகிறீர்கள். அவர்களும் மனமுவந்து தருகிறார்கள். சிட்னியின் மாக்குவாரி பல்கலைக்கழகத்தில் இயன் ஸ்டீஃபன் குழுவினர் மெலிந்த உடம்பையும் பருத்த உடம்பையும் பக்கம்பக்கமாகத் திரையில் வைத்து, பார்ப்பவர் விழி எங்கே தங்குகிறது என்பதைக் கருவியால் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2018-ல் வெளியானது. தம் உடம்பில் திருப்தி குறைந்தவர்களின் விழி மெலிந்த உடம்பின்மேல் அதிக நேரம் தங்கியது. எவ்வளவு அதிகம் தங்கியதோ அவ்வளவுக்கு, இயல்பான உடம்பு எது என்று மனத்துக்குள் இருந்த அளவும் நகர்ந்தது. திருப்தியுள்ளவர் மேலோட்டமாகப் பார்த்துத் தப்பிக்கிறார். ஏற்கெனவே காயம் பட்டவர் மட்டும் நின்று, நிதானமாக, பாராமல் இருக்க முடியாமல் பார்த்துத் தன் காயத்தை ஆழப்படுத்திக்கொண்டு வீடு திரும்புகிறார். ஏழையின் வீட்டுக்கே சென்று ஜப்தி செய்யும் சிரமம்கூட இல்லாத ராஜ்யம் இது.

அடுத்த ஆண்டு அதே குழுவின் இன்னொரு ஆய்வு. கவனத்தை வலிய ஒரு பக்கமாகப் பழக்கிப் பார்த்ததில், உடம்பளவு பற்றிய கணிப்பு நகர்ந்தது. உடம்பைப் பற்றிய அதிருப்தி மட்டும் அந்தச் சோதனைக் கூடத்துக்குள் கூடவில்லை. இதைத் தங்கள் கீர்த்திக்குக் குறை என்று அற்பர்கள் பேசலாம். அடியேன் இதில் நிர்வாக நுட்பத்தைக் காண்கிறேன். அளவை நகர்த்துவது மன்னர் காரியம். மனத்தை நோகடிப்பது போன்ற சில்லறை வேலைகளுக்குக் கீழதிகாரிகள் இருக்கிறார்கள். கல்யாண மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்கும் பெரியம்மா, ‘வாடி, என்ன ஒரு சுத்து பெருத்துட்ட?’ என்று கேட்கிறாரே, அவர் சம்பளமில்லாமல் தங்களுக்கு உழைக்கும் தாசில்தார். ‘போட்டோல ஒல்லியா இருந்துச்சு’ என்று பெண் பார்த்துவிட்டுப் படியிறங்கும்போது காதுபடச் சொல்லும் மாப்பிள்ளையின் சித்தப்பா, ரெவின்யூ இன்ஸ்பெக்டர்.

திக்விஜயங்களில் ஃபிஜித் தீவுக்கு ஈடு எதைச் சொல்வது! அங்கே நல்ல கட்டான, சதைப்பற்றுள்ள உடம்புக்கு மரியாதை இருந்தது. உடம்பு வைத்திருக்கிறாய் என்றால் பாராட்டு. ஒருவர் இளைத்தால் வீட்டாருக்கும் ஊராருக்கும் தலைக்குனிவு, நம் கவனிப்பில் குறை வந்துவிட்டதோ என்று. பசியில்லாமல் மெலிவதை நோய் என்று கருதிப் பச்சிலை கொடுத்தார்கள். (‘பூசினாற்போல இருக்கிறாள்’ என்பதை மெச்சிச் சொன்ன, ஊருக்கு வந்த பேத்தியிடம் ‘ஏன் கண்ணு இப்படி இளைச்சுப் போயிட்ட?’ என்று தட்டில் இன்னொரு கரண்டி நெய் ஊற்றிய நம் பாட்டிமார் அந்தத் தீவில் போய் இறங்கியிருந்தால் சொந்த ஊர் என்றே நினைத்திருப்பார்கள். அந்த நாகரிகமற்ற பாட்டிமாரின் காலமும் தங்கள் கிருபையால் மலையேறிவிட்டது.)

இப்படி இருளில் கிடந்த தீவின் நட்ரோங்கா பகுதிக்கு 1995-ல் தொலைக்காட்சி வடிவில் தாங்கள் எழுந்தருளினீர்கள். ஒரே ஓர் அலைவரிசை. அதில் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, அமெரிக்கா, பிரிட்டன் நாடுகளின் நிகழ்ச்சிகள். ஹார்வர்டைச் சேர்ந்த மானிடவியலாளரும் மனநல மருத்துவருமான ஆன் பெக்கர், தாங்கள் வந்த வேளையில் ஒருமுறையும் 1998-ல் ஒருமுறையும் பள்ளி மாணவியரிடம் கேள்வித்தாளைக் கொடுத்து விசாரித்தார். முதல் முறை 63 பேர், மறுமுறை 65 பேர். உணவைப் பற்றிய மனப்போக்கு கவலைக்குரிய எல்லையைத் தாண்டியவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 ஆனார்கள். எடை குறைக்கத் தாமே வாந்தி எடுப்போர் முன்பு ஒருவர்கூட இல்லை, பின்பு 11.3 சதவீதம். 1998-ல் கேட்டபோது, தான் மிகப் பெரிதாக, குண்டாக இருப்பதாகச் சில சமயமேனும் தோன்றுகிறது என்றவர்கள் 74 சதவீதம். அந்தப் பெண்களின் எலும்பும் சதையும் அப்படியேதான் இருந்தன. திரைக்குள் இருப்பவர்களைப்போல ஆனால் வேலை கிடைக்கும், வாழ்க்கை உயரும் என்றும் அந்தப் பிள்ளைகள் நம்பிக்கையோடு சொன்னார்கள். மூன்றே ஆண்டு! தலைமுறை தலைமுறையாய்த் தாய்மார் ஊட்டி வளர்த்த பெருமிதத்தைக் கழிப்பறைத் தொட்டியில் கொட்டவைக்க மூன்று ஆண்டு. கத்தியின்றி ரத்தமின்றி நடந்த இந்த வெற்றிக்கு எந்தக் கல்வெட்டில் இடம் போதும்?

குடிமக்களின் ஒழுக்கத்தைத் தாங்கள் உயர்த்திய விதம் தனிப் பரணிக்கு உரியது. தன் குற்றத்தைப் பார், பிறர் நல்லதைப் பார் என்று நீதிநூல்கள் தொண்டை வறளக் கத்தின. கேட்டவர் யார்? நெதர்லாந்தின் மாஸ்ட்ரிஹ்ட் பல்கலைக்கழகத்தில் அனிதா யான்சன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பெண்களுக்கு அவரவர் உடம்பின் படமும் பிறர் உடம்பின் படமும் காட்டி விழியசைவை அளந்தார்கள். உணவுக்கோளாறு ஏதும் இல்லாத சாதாரணப் பெண்கள் வெட்கமே இல்லாமல் தம் உடம்பில் தமக்குப் பிடித்த பகுதிகளையும் பிறர் உடம்பில் அழகற்ற பகுதிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன சுயநலம்! தங்கள் ஆளுகைக்கு முற்றிலும் வந்துவிட்ட, உணவுக்கோளாறின் சாயல் உள்ள பெண்களோ பிறரிடம் அழகையே அதிகம் கண்டார்கள், தம்மிடம் அழகற்றதையே அதிகம் கண்டார்கள். இத்தனை தன்னடக்கத்தை, இத்தனை பெருந்தன்மையை, எந்த மடத்துத் துறவி எத்தனை காலம் தவமிருந்து அடைந்திருக்கிறார்? தாங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைக்கே அருளிவிடுகிறீர்கள்.

பணிவும் அப்படியே. உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அனூக் கைஸர் குழுவினர் 2013-ல் எழுதியது: உணவை மறுக்கும் அனரெக்ஸியா நோயால் மெலிந்த பெண்களையும் நோயற்ற பெண்களையும் பல அகல இடைவெளிகள் வழியே நடக்கவிட்டார்கள். எதைக் கவனிக்கிறோம் என்று சொல்லவில்லை. நோயற்றவர்கள் தோளகலத்தைவிட 25 சதவீதம் அகலமான வழிவரை நேராகப் போனார்கள். அதைவிடக் குறுகும்போதுதான் உடம்பைத் திருப்பினார்கள். எலும்பும் தோலுமாக இருந்தவர்கள், தோளைவிட 40 சதவீதம் அகலமாக வழி திறந்திருக்கும்போதே ஒருக்களித்து நுழைந்தார்கள். காற்றைத் தவிர எதுவும் இடிக்காத இடத்தில் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். ராஜசன்னிதியில் நடக்க வேண்டிய முறை இதுவே அல்லவா? மருத்துவமனைகள் அதற்கு வேறு பெயர் வைத்து, குழாய் வழியாகக் கஞ்சி ஏற்றிக் கெடுக்கின்றன.

கல்வித்துறையிலும் தங்கள் கடாட்சம் விழுந்திருக்கிறது. 1998-ல் பார்பரா ஃப்ரெட்ரிக்ஸன் முதலானோர் அமெரிக்க மாணவர்களை ஒரு தனியறையில் கண்ணாடி முன் நிறுத்தினார்கள். சிலருக்கு நீச்சலுடை, சிலருக்குக் கம்பளிச் சட்டை. அந்த உடையோடு கணக்குப் போடச் சொன்னார்கள். அறையில் வேறு யாருமில்லை. நீச்சலுடையில் இருந்த பெண்களுக்குக் கணக்கு சரிந்தது, ஆண்களுக்குச் சரியவில்லை. கவனத்தில் ஒரு பங்கு எப்போதும் தன் தொடையைக் காவல் காத்துக்கொண்டிருந்தால் மிச்சப் பங்குக்கு எத்தனை கணக்கு வரும்? பெண்கள் பொதுத் தேர்வுகளில் முந்திவிடுகிறார்களே என்று ஆண்டுதோறும் வருந்தும் பெரியோர் தங்களுக்கு ஒரு பட்டாடை சாத்தக் கடமைப்பட்டவர்கள்.

தொட்டில் பருவத்திலிருந்தே ஆரம்பித்த தூரதிருஷ்டியையும் சொல்லாமல் விடலாகாது. 1965-ல் பார்பி பொம்மையின் இரவு விருந்துத் தொகுப்பு ஒன்று வந்தது. அதில் 110 பவுண்டில் முள் நிலைத்துவிட்ட ஒரு குட்டி எடைக்கருவி. கூடவே எடை குறைப்பது எப்படி என்று ஒரு குட்டிப் புத்தகம். அதன் பின்னட்டையில் பொறித்த உபதேசம் மிகச் சுருக்கமானது: சாப்பிடாதே. உபநிடதங்கள்கூட இத்தனை சிக்கனமாகப் பேசியதில்லை. 2006-ல் ஹெல்கா டிட்மார் குழுவினர் இங்கிலாந்தில் ஐந்தரை முதல் எட்டரை வயதுவரை உள்ள 162 சிறுமியரில் ஒரு பகுதியினருக்கு பார்பி படங்கள் கொண்ட கதையைக் காட்டிப் பார்த்தார்கள். அதைப் பார்த்த சின்னஞ்சிறுமியருக்குத் தம் உடம்பின்மேல் இருந்த மதிப்பு இறங்கி, ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை ஏறியது. பால்பல் விழுவதற்குள் பட்டாபிஷேகம். ஆண் குழந்தைகளையும் தாங்கள் அநாதையாக விடவில்லை. 1964-ல் சாதாரண ஆள்போல வந்த ஜி.ஐ. ஜோ பொம்மை, அடுத்த முப்பது ஆண்டுகளில் மார்பும் புஜமும் வீங்கி வந்ததை ஹாரிசன் போப் என்ற மருத்துவர் அளந்து எழுதியிருக்கிறார். தெருமுனை ஜிம்மில் புரோட்டீன் மாவு கலக்கும் எங்கள் தம்பிமார் சார்பில் தனி நமஸ்காரம்.

தங்களை எதிர்த்தவர்கள் கதி என்னவாயிற்று என்பதையும் பாடினால்தான் மெய்க்கீர்த்தி நிறையும். பிரான்ஸ் 2017 அக்டோபரிலிருந்து ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்தியது: விளம்பரத்தில் மாடலின் உடம்பைக் கணினியில் மெலிவித்தாலோ பருக்கவைத்தாலோ, திருத்திய படம் என்று அதிலேயே அச்சிட வேண்டும். இஸ்ரேல் 2012-லேயே இப்படி ஒன்றை இயற்றியிருந்தது. தாங்கள் கோபித்துக்கொள்ளவில்லை, புன்னகைத்தீர்கள். காரணம் ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களுக்குப் புரிந்தது. எந்த உறுப்பு திருத்தப்பட்டது என்று சீட்டு ஒட்டினால், பார்ப்பவர் விழி நேரே அந்த உறுப்புக்கே போகிறது. இடையைத் திருத்தியிருக்கிறோம் என்று எழுதினால், அதுவரை கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தவரும் இடையைப் பார்க்கிறார். எதிரி தன் செலவில் தங்களுக்கு விளக்குப் பிடிக்கிறார்.

அரண்மனைக்கு உள்ளே நிலவும் விசுவாசமும் மெச்சத்தக்கது. இன்ஸ்டாகிராமை நடத்தும் நிறுவனத்தின் உள்சுற்றுக் காகிதங்கள் 2021 செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் வெளியாயின. வெளிக்கொணர்ந்தவர் அங்கே வேலை பார்த்த ஃபிரான்சஸ் ஹாகன். தம் உடம்பைப் பற்றி ஏற்கெனவே நொந்திருந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த நோவைக் கூட்டுகிறது என்று சொன்னதாக நிறுவனமே கணக்கெடுத்து வைத்திருந்தது. மந்திரிகள் வாசித்தார்கள், கோப்பில் வைத்தார்கள், திரை உருண்டுகொண்டே இருந்தது. மூன்றில் ஒருத்தி அழுகிறாள் என்றால் மற்ற இருவர் இருக்கிறார்களே என்று ஆறுதல் கொள்ளும் இந்த மனத்திண்மைதான் பேரரசுகளைத் தாங்கும் தூண்.

எங்கள் தமிழ்நாட்டுச் சிற்றரசுகளின் கப்பத்தையும் ஏற்றருள வேண்டும். ஜவுளிக்கடை வாசலில் பட்டுச்சேலை கட்டி நிற்கும் பொம்மைகளின் முதுகுப்பக்கம் போய்ப் பார்த்தவர் சிலரே. முன்னால் வழுக்கி இறங்கும் அந்த ரவிக்கையை, பின்னால் கொத்துக் கொத்தாகக் கிளிப்புகள் இழுத்துப் பிடித்திருக்கும். தலையில்லாத, வயிறில்லாத அந்த அம்மையாருக்கே துணி அளவாக இல்லை. அவர்முன் நிற்கும் நான்கு பிள்ளை பெற்ற அத்தை தன் இடுப்பை நொந்துகொண்டு கடைக்குள் ஏறுகிறார். அரசே, கிளிப்பைப் பின்னால் குத்தலாம் என்ற யோசனை யாருடையது? அவருக்கு ஒரு கிராமம் இறையிலியாக வழங்குங்கள்.

இனி, ஒற்றனாக அடியேன் தெரிவிக்க வேண்டிய ராஜதுரோகச் செய்திகள். முன்சொன்ன அதே மாஸ்ட்ரிஹ்ட் நகரத்தில், 2011-ல், தம் உடம்பில் திருப்தியில்லாத பெண்களைச் சிலர் உட்காரவைத்து, அவரவர் உடம்பில் அவரவருக்குப் பிடித்த பகுதிகளின்மேலேயே கண்ணை நிறுத்தப் பழக்கியிருக்கிறார்கள். திருப்தி கூடிவிட்டது. திருப்தியாக இருந்தவர்களைப் பிடிக்காத பகுதிகளைப் பார்க்கப் பழக்கியதும் திருப்தி இறங்கியது என்பது நமக்கு உவப்பான செய்திதான் என்றாலும், முதற்பாதி அபாயமானது. கண்ணைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பலாம் என்ற வதந்தி குடிகளிடம் பரவினால் கஜானா என்னாகும்?

அதைவிட அபாயம் எங்கள் ஊர்ப் பேருந்து. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. காலை எட்டரைக்கு ஏறிப் பாருங்கள்: பூக்கூடையை மடியில் அணைத்த பருத்த அம்மா, கம்பியில் தொங்கும் வற்றிய பாட்டி, மசக்கைக்காரி, எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்து வீங்கிய கால்கள், தோள்பையைவிட மெலிந்த கல்லூரிப்பெண், இரண்டு சீட்டுக்குப் பரந்து உட்கார்ந்து கவலையே இல்லாமல் சிரிக்கும் சத்துணவு ஆயா. எல்லா அளவும், எந்தத் திருத்தமும் இல்லாமல், அரை மணி நேரம், இலவசமாக. அந்த அரை மணியும் கண் இவர்கள்மேல் உலவினால், தாங்கள் அரும்பாடுபட்டு நகர்த்திவைத்த அளவு மெல்லப் பழைய இடத்துக்கே உருண்டு போய்விடாதா? ஆகவே ஒவ்வொரு பேருந்திலும் இருக்கைக்கு ஒரு திரை பொருத்தி, பயணிகள் ஒருவரையொருவர் பார்க்காதபடி தடுத்தருள வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் எழுதி, அதைக் கையோடு எடுத்துக்கொண்டு இன்று பேருந்தில் ஏறினேன். ஏறிச் சுற்றுமுற்றும் பார்த்தபின், அந்த விண்ணப்பத்தை இதனால் வாபஸ் பெறுகிறேன். ஆயாவைத் தவிர எல்லோரும் தலைகுனிந்து, தத்தம் உள்ளங்கையில் தங்களைத்தான் தரிசித்துக்கொண்டிருந்தார்கள். ஆயாவுக்கும் மகன் இந்தத் தீபாவளிக்கு ஒரு செல்போன் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறானாம்.